சதுர ஒப்பந்தமும் ஒரு மணி நேரமும்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தபால் வழியில் பி.ஏ. வரலாறு படிப்பவர்களுக்காக 1977இல் தமிழில் ஒரு கைடு எழுதினேன். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தன் சீர்திருத்தங்களுக்கு 'ஸ்கொயர் டீல்' என்று பெயர் வைத்திருந்தார். எல்லாருக்கும் பாரபட்சமில்லாத நியாயம் என்று பொருள். நான் அவசரத்தில் 'சதுர ஒப்பந்தம்' என்று எழுதித் தொலைத்தேன். (சிரிக்காதீர்கள். ஸ்ரீரங்கத்தில் என் தெருவே சிரித்து முடித்துவிட்டது.)

மறு வருஷம் லூர்துராணி என்ற பெண் என் வீடு தேடி வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நடுங்கினேன். ஆனால் தன் கதையைச் சொல்லத்தான் வந்திருந்தாள். இனி வருவதில் அவள் சொன்னது பாதி, நான் கோத்தது மீதி.

2

தொடக்கம் ஒன்று: 'பாலக்கரையில் வெண்பனி படர்ந்த அந்த...' வேண்டாம். திருச்சி பாலக்கரையில் ஏது வெண்பனி?

தொடக்கம் இரண்டு: லூர்துராணிக்கு வயது இருபத்தாறு. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை. தினமும் காலை எட்டிலிருந்து ஆறு வரை, பத்து மணி நேரம் குனிந்த தலை நிமிராமல். கழுத்து வலி ஒரு பக்கம், கண் எரிச்சல் ஒரு பக்கம். ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள் என்று கேட்டதற்கு முதலாளி ரங்கசாமி, "இஷ்டமிருந்தா இருங்க, இல்லன்னா நடையைக் கட்டுங்க" என்றார். பன்னிரண்டு பெண்களும் நடையைக் கட்டினார்கள்.

ஒன்பது நாள் ஆயிற்று. நாளைக்கே வேறு ஆள் எடுக்கப்போவதாக முதலாளி சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு பேர் பிழைப்பும் போனால் பழி லூர்துராணி தலையில்தான். மற்றவர்களைக் கிளப்பிவிட்டவள் அவள்தானே!

3

பரீட்சைக்காக அவள் கையில் இருந்தது என் கைடு. 1902இல் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ரூஸ்வெல்ட் முதலாளிகளையும் தொழிலாளர் தலைவரையும் ஒருசேர அழைத்துப் பேசச் சொன்னார். பிறகு பத்து மணி நேர வேலை ஒன்பதானது. அதைத்தான் நான் 'சதுர ஒப்பந்தம்' என்று எழுதியிருந்தேன். "இது நம்ம கதையேதான்டி!" என்று தோழிகளிடம் துள்ளினாள் லூர்துராணி.

(இந்த இடத்தில் ரூஸ்வெல்ட்டைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவர் செத்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. இவளுக்கு நாளைக்கே வேலை போகப்போகிறது.)

4

கூட வேலை செய்த பொன்னுத்தாயை நான் முதலில் நம்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் கீழே வருவதுபோல் பேசுவாளா என்று அவள் பேச்சை லூர்துராணி வாயில் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு பேரும் பட்டறைக்குப் போனார்கள்.

"எங்களோட சதுர ஒப்பந்தம் போடுங்க முதலாளி" என்றாள் லூர்துராணி.

"அதென்னம்மா சதுரம்? வட்டமா போட்டா ஆகாதா?" என்று சிரித்தார் ரங்கசாமி.

அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. கைடில் விளக்கம் இல்லையே! (பாவி நான் எழுதியிருந்தால்தானே!)

அப்போதுதான் பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். மேஜையில் கிடந்த ஒரு கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது சதுரமாங்க?"

ரங்கசாமியும் ஒரு காலத்தில் கல் தீட்டியவர்தான். லென்ஸை வைத்துப் பார்த்தார். "எங்க? ஒரு பக்கம் நீண்டுகிட்டு நிக்குது. கழிச்சுப் போடு."

"நாலு பக்கமும் சமமா இருந்தாத்தானே சதுரம்? உங்க பக்கம் மட்டும் நீண்டுகிட்டு நிக்கிற பட்டறைய என்னங்க பண்றது? அதையும் கழிச்சுப் போட்டுரலாமா?"

ரங்கசாமிக்குக் காது வரை சிவந்தது. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடிப்பாவி, என் வாயாலேயே சொல்ல வச்சுட்டியே! சரி போங்க, இனிமே அஞ்சு மணிக்கு எல்லாரும் கிளம்புங்க."

5

கைடின் இரண்டாம் பதிப்பில் 'சதுர ஒப்பந்தம்' என்ற சொல்லை மாற்றச் சொன்னார் பதிப்பாளர். மாட்டேன் என்றுவிட்டேன். 'அதாவது, நாலு பக்கமும் சமம்' என்று ஒரு வரி மட்டும் சேர்த்தேன்.

இனி முடிவு.

முடிவு அ: 'ஆனால் ஒரே மாதத்தில் முதலாளி பேச்சு மாறி...' சே! அவர் மாறவில்லை, நான் எதற்கு மாற்ற வேண்டும்? ஜெயித்தார்கள் ஐயா, பன்னிரண்டு பேரும் ஜெயித்தார்கள்!

முடிவு ஆ: முதல் நாள் ஐந்து மணிக்கு லூர்துராணி வெளியே வந்தாள். மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனாளா, பரீட்சைக்குப் படித்தாளா, சும்மா காலை நீட்டிப் படுத்தாளா? கதைக்கு வேண்டும் என்று அவளையே கேட்டேன்.

"அது எங்க நேரம் சார்" என்றாள். "அதுல என்ன செஞ்சேன்னு உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

நீங்களும் கேட்காதீர்கள்.