கடைக்குள் மட்டும் பறந்த கடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரே சொல்லும். உண்மைதான். ஆனால் அதற்குப் பயந்து ஒருவன் என்னவெல்லாம் செய்வான் என்பது எனக்கு லாண்டரிக் கடையில் வைத்துத்தான் தெரிந்தது.

கம்பளி நூலுக்குச் சாயம் போட்டு ஆன்லைனில் விற்பது என் தொழில். கீழே கடை, மேலே வீடு. சாயம் என் கையில், வெப்சைட் தம்பி கையில். அவன் கம்ப்யூட்டரில் புலி என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, புலி என்பதே அவன் பெயராகிவிட்டது.

அந்தப் புலி நடத்திய வெப்சைட் ஆமையாக நகர்ந்தது. தினமும் காலையில் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று என் போனில் திறந்து பார்ப்பேன். வட்டம் சுற்றும். நான் கத்துவேன்.

"படமெல்லாம் ரொம்பப் பெருசுக்கா. சின்னதாக்கி, சர்வரையும் மாத்தினா வேகமா வரும்."

"நூல் வாங்கறவங்களுக்கு நிறம் தெரிய வேணாமா? படத்துல கைய வெச்ச, ஒடிச்சிடுவேன். சர்வருக்கெல்லாம் காசு கெடையாது."

ஒருநாள் காலை, தொட்டதும் திறந்தது. எல்லாப் பக்கங்களும் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தன. படங்களும் அதே அளவில் பளிச்சென்று இருந்தன. அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். பெரியம்மா, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் போன் போட்டு, "நம்ம புலி என்ன பண்ணியிருக்கான் தெரியுமா" என்று பீற்றிக்கொண்டேன். அவன் காது சிவக்க உட்கார்ந்திருந்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகும் ஆர்டர் குறைந்துகொண்டேதான் வந்தது. ஆட்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள் என்றான் புலி. வெப்சைட்டோ பறக்கிறது. அப்படியென்றால் குறை என் நிறத்தில்தானே? என்னுடைய நீலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். முதலில் நன்றாக இருந்தது, அப்புறம் சுமாராகத் தெரிந்தது, கடைசியில் அழுக்காகவே தெரிந்தது. கை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ஒரு சாயங்காலம் அண்டாவிலிருந்த நீலம் முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். புலி பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"பரவால்லக்கா, காலம் மாறுதுல்ல" என்றான்.

அண்டாக்களை விற்றுவிட்டு எங்காவது வேலைக்குப் போவது என்று தீர்மானித்தேன். இரண்டு தெரு தள்ளி லாண்டரி வைத்திருக்கும் ஓர் அம்மா, துணி ஊறவைக்க ஆகும், வாங்கிக்கொள்கிறேன் என்றார். பேசி முடிக்க அவர் கடைக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கை எடுக்காமலே கேட்டார்.

"நல்லாத்தான செஞ்சுட்டிருந்த? ஏம்மா விக்கற?"

"என் கலர் யாருக்கும் புடிக்கலக்கா. வெப்சைட்ட ஒரு குறை சொல்ல முடியாது, தம்பி அப்படி வெச்சிருக்கான். இருங்க, காட்டறேன்."

காட்டினேன். வட்டம் சுற்றியது. அவர் ஒரு சட்டையை முடித்து மடித்து வைத்தார், இன்னொன்றை எடுத்து விரித்தார், வட்டம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

"மூடி வைம்மா. அது வராது" என்றார். "என் மருமகனுக்கு ஸ்வெட்டர் பின்ன அந்த நீலத்த எடுக்கணும்னு எத்தன தடவ பாத்திருப்பேன்! பாதிப் படம் வரும். பணம் கட்டற எடத்துல செத்துப்போயிடும். மெயில்கூடப் போட்டேன். சரியாயிடும்னு உன் தம்பி பதில் போட்டான்."

"எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமேக்கா."

"உங்கிட்டயா? கடிச்சுக் குதறிட்டா?"

என் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. கடைக்குள் கால் வைத்ததும் போன் எங்கள் வைஃபையில் சேர்ந்தது. வெப்சைட் பட்டென்று திறந்தது. வெளியே வந்து வைஃபையை அணைத்தேன். வட்டம். மறுபடி உள்ளே போனேன், பறந்தது. மறுபடி வெளியே, வட்டம். தெருவில் போனவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

"நான் பாத்தா மட்டும் ஏன்டா வேகமா வருது?"

புலி திருதிருவென்று விழித்தான். பூசி மெழுகக்கூட முயலவில்லை. மேசைக்கடியில் இருந்த சின்னப் பெட்டியைக் காலால் காட்டினான். வெப்சைட்டின் நகல் ஒன்றை அதில் வைத்திருக்கிறான். எங்கள் வைஃபையில் இருந்து பார்த்தால் அந்த நகல் வரும். ஊரில் மற்ற எல்லோருக்கும் பழைய ஆமைதான்.

"சர்வர மாத்தணும், படத்தச் சின்னதாக்கணும். ரெண்டுக்கும் நீ விடல. தெனமும் கத்தின. கொஞ்ச நாள் இத வெச்சு சமாளிச்சுட்டு, அதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்க்கா. நீ எல்லாருக்கும் போன் போட்டுட்ட. அப்பறம் எப்படிச் சொல்றது?"

அதுவரைக்கும்கூட என்னால் விழுங்க முடிந்தது. என் வாயும் சும்மா இருக்கவில்லையே.

"நீலத்த நான் கொட்டறப்ப பக்கத்துலதான நின்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் நீலத்துல ஒரு குறையும் இல்லக்கா."

என் கண்ணில் மண்ணைத் தூவியதுகூடப் பெரிதில்லை. அதே கண்ணால் நான் என் கையைச் சந்தேகப்பட்டு நொந்துகொண்டிருந்தபோது, எல்லாம் தெரிந்த இவன் என் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறான்.

நான் கத்தவில்லை. அதுதான் அவனை மிரள வைத்தது.

"வெளிய போ. வைஃபைய அணைச்சுட்டு நம்ம கடைல ஒரு நூல்கண்டு வாங்கு. வாங்கிட்டு உள்ள வா."

அவன் வெளியே போனதும் கதவைத் தாழிட்டேன். லாண்டரிக்காரம்மாவுக்குப் போன் போட்டு, அண்டா விற்பதற்கில்லை, உங்கள் நீலத்தை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அண்டாவில் தண்ணீர் நிரப்பி அடுப்பைப் பற்ற வைத்தேன். தண்ணீர் கொதி வந்ததும் சாயப் பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, வரவே மாட்டேங்குதுக்கா."

கலக்குவதை நிறுத்தாமல் சொன்னேன்.

"பரவால்லடா, காலம் மாறுதுல்ல."