மிரெல்லாவின் புல்வெளி வழியாக ஒரு பாதை

மே மாதக் கடைசியில் எதிர்ச் சரிவில் ஏறி நின்று பார்த்தால்தான் பழைய பாதைகள் தெரியும். சுற்றிலும் பனி உருகிப் புல் பழுப்பாகக் கிடக்கும். கோவேறு கழுதைகள் நடந்து நடந்து பள்ளமாகிப்போன இடத்தில் மட்டும் பனி தங்கியிருக்கும். மலை முழுக்க வெள்ளை நூல் ஓடியது மாதிரி. ஒரு வாரம்தான், அப்புறம் அதுவும் போய்விடும். எந்த வரைபடத்திலும் இல்லாத பாதைகளை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அதில் ஒன்று மலையேற்றும் நாற்காலி லிஃப்டின் மேல் நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, பாறை வழியாக இறங்கி, மிரெல்லாவின் மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, லார்ச் மரக்காட்டுக்குள் புகுந்து ஊருக்கு வருகிறது. மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால் புரியும். மண்வெட்டி படாத பாதை. வேர், சறுக்கும் பாறை, உருளும் கல். கொண்டை ஊசி வளைவுகள் எவ்வளவு குறுகலென்றால், முன் பிரேக்கைப் பிடித்துப் பின் சக்கரத்தைத் தூக்கித் திருப்பினால்தான் சைக்கிள் திரும்பும். முழுதாகக் கால் ஊன்றாமல் இறங்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. முட்டி போய்விட்டது. இறங்கச் சொன்னால் இறங்குவேன், மிதித்து ஏற முடியாது. அதனால் கோடையில் லிஃப்ட் ஓடினால்தான் எனக்கு அந்தப் பாதை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றும் அந்த லிஃப்டைத்தான் கோடையில் நிறுத்தப் போவதாக அதை நடத்தும் கம்பெனி சொன்னது.

கம்பெனி மேலாளர் சான்ட்ரோ, நான், மிரெல்லா மூன்று பேரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். இத்தாலியின் மலைப்பக்கமான எங்கள் அவோஸ்தாவில் ஒரே வருஷத்துக்காரர்கள் என்றால் அது ஒரு சொந்தம். வருஷத்துக்கு ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பொலெந்தா சோளக்களி சாப்பிட்டு, குடித்துப் பாடுவோம். அந்த விருந்தில்தான் சான்ட்ரோ என் தோளில் கை போட்டான்.

"லிவியோ, நடக்கிறவன் எவனும் லிஃப்ட்ல ஏற மாட்டேங்குறான்டா. சைக்கிள்காரன் ஏறுவான். உன்கிட்ட ஒளிச்சு வெச்ச பாதை இருக்குன்னு ஊருக்கே தெரியும். காட்டு. லிஃப்டை ஓட்டுறேன்."

"பாதையை வெட்ட மெஷின் கொண்டு வருவே."

"வர மாட்டேன்டா. அப்படியே இருக்கிறதுதானே அதுக்கு மதிப்பு?"

மறுநாளே மிரெல்லாவைப் பார்க்கப் போனேன். அவளுடையது கருப்பு மாடுகள். கொம்பு கோத்துச் சண்டை போட்டு யார் ராணி என்று தாங்களே முடிவு செய்துகொள்ளும் சாதி. ஜூனில் மேலே ஏற்றினால் செப்டம்பர் கடைசி வரை அங்கேயே கறந்து, கறந்த சூட்டிலேயே ஃபொந்தினா சீஸ் போடுவாள். அந்த மூன்று சொச்ச மாதச் சீஸ்தான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

"மாட்டுக்கு நடுவுல சைக்கிளா? போடா பைத்தியம்," என்றாள், செம்புக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டே.

"ஓட்ட மாட்டாங்கடி. இந்தக் கேட்லேர்ந்து அந்தக் கேட் வரைக்கும் இறங்கித் தள்ளிட்டுதான் போவாங்க. போர்டு வைக்கிறோம்."

"அது கூடப் பரவாயில்ல. மேல அந்தச் சரிவு இருக்கே, அங்க ஒரு பிடி மண்ணைக் கிளறக் கூடாது. என் ஊத்து அதுக்குள்ளதான் ஓடுது. தோண்டினா வேற பக்கம் திரும்பிடும். தண்ணி இல்லன்னா எனக்கு மாடும் இல்ல, சீஸும் இல்ல."

"தோண்ட மாட்டாங்க. சான்ட்ரோ சொல்லிட்டான்."

"சான்ட்ரோ சொன்னா நான் நம்ப மாட்டேன். பள்ளிக்கூடத்துல என் ரொட்டியைத் திருடித் தின்னவன். நீ சொல்லு."

"நான் சொல்றேன்," என்றேன்.

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். கை கொடுத்தேன். எங்கள் ஊரில் அவ்வளவுதான். மேற்கொண்டு காகிதம் கேட்டால் அவமானம்.

முதல் கோடை நன்றாகவே போனது. தோரினோ நகரத்திலிருந்து வந்தார்கள், ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். லிஃப்ட் நாற்காலிக்குப் பின்னால் கொக்கியில் சைக்கிளை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பாறையின் உச்சிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். ஒரு ஜெர்மன்காரன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, "இது பாதையா, படிக்கட்டு இடிஞ்சு விழுந்ததா?" என்று என்னைக் கேட்டான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் கால் ஊன்றாமல் இறங்கியதும் கீழே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்படிப்பட்டவர்கள் குறைவுதான். நிறையப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு, திட்டிக்கொண்டே வந்தார்கள். ஆனால் மிரெல்லாவின் கேட்டை ஒருவரும் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை. போகிறபோது அவளிடம் சீஸ் வாங்கினார்கள்.

"நல்ல பசங்கதான்டா. சேறு நாத்தம் மட்டும்தான்," என்றாள்.

குளிர்காலத்தில் நான் அதே கம்பெனியில் செயற்கைப் பனி பீய்ச்சும் வேலை செய்கிறேன். அது முடிந்ததும் கூரைக்குக் கல் பலகை வேய்கிற வேலைக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவேன். அடுத்த வருஷம் மே முழுக்க அங்கேதான் இருந்தேன். மாடுகள் இன்னும் மேலே ஏறாத, மலையில் ஆளே இல்லாத அந்த மாதத்தில்தான் மண் வெட்டும் மெஷின் ஏறியிருக்கிறது.

லிஃப்ட் திறந்த அன்று முதல் ஆளாக மேலே போனேன். பாதையின் வாயில் பளபளவென்று ஒரு போர்டு. அதற்குப் பின்னால் என் பாதை இல்லை. சாலை மாதிரி ஒன்று இருந்தது. பாறையை உடைத்துப் பொடியாக்கிப் பரப்பியிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளை அகலமாக வெட்டி, வெளிப்பக்கம் மண்ணைச் சுவர் மாதிரி ஏற்றியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கைத் தொடவே தேவைப்படவில்லை. பல வருஷம் என்னை விழ வைத்த இடங்கள் எல்லாம் எங்கே போயின என்றே தெரியாமல் கீழே வந்துவிட்டேன்.

மேய்ச்சல் நிலத்தில் மிரெல்லா தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மாடுகள் ஏறி நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. மரத் தொட்டியின் அடியில் பாசி காய்ந்து வெடித்திருந்தது. குழாயிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்தது.

"பனி உருகுற வரைக்கும் ஓடிச்சு," என்றாள். "இப்ப மேல வெட்டின வளைவுல, அந்தப் பக்கமா கசியுது. போய்ப் பாரு. ரோட்டோரம் சேறா நிக்குது என் ஊத்து."

"மிரெல்லா, எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்." திட்டியிருந்தால் தேவலை.

நேராகச் சான்ட்ரோவின் அறைக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"என்னடா செஞ்சு வெச்சிருக்கே?"

"உட்காரு. காபி சொல்லவா?"

"நீ தோள்ல கை போட்டுச் சொன்னேடா என்கிட்ட! நான் அவகிட்ட கை கொடுத்தேன்!"

"கத்தாதே. உன் பாதையில பத்துக்கு எட்டு பேர் இறங்கி நடந்தான். நடக்கிறதுக்கு எவன்டா லிஃப்ட் டிக்கெட் வாங்குவான்? குழந்தை குட்டியோட வரணும், அப்பதான் ஓடும். லிஃப்ட் ஓடணும்னு கேட்டது நீதானே?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"சரி, பாதை போகட்டும். அவளுக்குத் தண்ணி குடு. மேல செயற்கைப் பனிக்கு வெச்சிருக்கிற குளம் ரொம்பி வழியுது. ஒரு குழாய் போடு. நானே போடறேன், சும்மா போடறேன்."

"அது குளிர்காலத் தண்ணி, லிவியோ. எடுக்கணும்னா கம்பெனி நிர்வாகக் குழுவுல கேக்கணும்."

"கேளு."

"மீட்டிங் செப்டம்பர்ல."

"செப்டம்பர் வரைக்கும் மாடு என்னடா குடிக்கும்?"

ஜன்னலைப் பார்த்தான். வெளியே நாற்காலிகள் சைக்கிள்களைச் சுமந்துகொண்டு ஏறிக்கொண்டிருந்தன. "எழுதிக் குடு, முயற்சி பண்றேன்," என்றான். கூடப் பிறந்த மாதிரி பழகியவன் என்னை எழுதிக் கொடுக்கச் சொன்னான்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. குளத்து வால்வின் சாவி குளிர்கால வேலைக்காக என்னிடமே இருந்தது. விடிந்ததும் ஏறிப் போய், அங்கிருந்து ரப்பர் குழாயை இழுத்து, புல்வெளித் தொட்டியில் விட்டுத் திறந்தேன். தண்ணீர் இரும்பு வாடையோடு வந்தது. மாடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு குடித்தன. மிரெல்லா ஒரு கை அள்ளி முகர்ந்தாள்.

"மாடு குடிக்கும். கொப்பரை கழுவ முடியாது. சீஸ் பரிசோதகன் வந்தா மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுவான்."

"கொப்பரைக்கு ஊர்லேர்ந்து கேன்ல கொண்டு வர்றேன்."

"தினமுமா?"

"தினமும்."

கொண்டு போனேன். கூரை வேலையை விட்டுவிட்டு, ஜீப்பில் கேன்களை அடுக்கி, அந்த மேடு பள்ளத்தில் பாதி சிந்தி, மீதியைக் கொண்டு சேர்த்தேன். அந்த வாரம் முடிவதற்குள் வால்வில் புதுப் பூட்டு தொங்கியது. டிசம்பரில் வேலைக்கு வர வேண்டாம் என்று போனில் ஒரு பெண் சொன்னாள். சான்ட்ரோ பேசவில்லை.

ஜூலையில் வெயில் ஏறியது. புல் காய ஆரம்பித்தது. பால் பாதியாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கேன்களோடு போனபோது மிரெல்லா மாடுகளின் கழுத்து மணிகளை அவிழ்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இறக்கப் போறேன்," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாரு. மழை வரும்."

"மழை மேலேர்ந்து வரும்டா. ஊத்து எங்கேர்ந்து வரும்?"

கீழே போனால் குளிர்காலத்துக்கு வெட்டிச் சேர்க்க வேண்டிய புல்லை இப்போதே மாட்டுக்குப் போட வேண்டும். பனிக்காலத்தில் பாதி மாட்டை விற்க வேண்டும். ஒரு கோலை எடுத்துக்கொண்டு மந்தைக்குப் பின்னால் நின்றேன். அவளும் அவள் மகள் நிக்கோலும் முன்னால் போனார்கள்.

செப்டம்பரில் மாடு இறங்குவது எங்கள் ஊரில் திருவிழா. ராணி மாட்டுக்குக் கொம்பில் பூ கட்டி, பெரிய மணி மாட்டி, வழியெல்லாம் ஆட்கள் ஒயின் ஊற்றி நிற்பார்கள். அன்றைக்கு மணிச் சத்தமே இல்லை. குளம்புச் சத்தம் மட்டும்தான். ஊருக்குள் நுழைந்ததும் கடைக்காரர் கதவுக்குள் போய்விட்டார். எங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்கள்.

லிஃப்ட் நிலையத்தைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே சைக்கிள்களோடு வரிசை நின்றது. அப்பா, அம்மா, பிள்ளைகள். மாடுகளைப் பார்த்ததும் கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். எல்லோர் கையிலும் போன்.

ஒரு பெண் மிரெல்லாவின் பக்கத்தில் ஓடி வந்து, "கொம்புல பூ வெக்கலையா? படத்துல எல்லாம் பூ இருக்குமே," என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

மிரெல்லா நின்றாள். மந்தை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசி மாட்டோடு நான் வந்து சேரும் வரை காத்திருந்தாள். என் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டாள்.

"நீ லிஃப்டுக்குப் போ லிவியோ," என்றாள். "உனக்காகத்தானே ஓடுது."