குரைப்பைத் தின்ற தண்ணீர்

ஆனையூரில் நிலோபர் நடத்தும் நாய் குளிப்பாட்டும் கடையில், இன்னும் மீன் விடாத நாலடி மீன்தொட்டி ஒன்று ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு முதல் குரைப்பைத் தின்றது. ஒரு பொமரேனியன் வாயைத் திறந்தது. சத்தம் யார் காதுக்கும் வரவில்லை. தொட்டிக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு குமிழி தோன்றி, மேலே போகாமல் கீழே இறங்கி, கூழாங்கற்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. பொமரேனியன் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டது.

தொட்டி வந்ததற்குக் காரணம் மாடியிலிருந்த வீட்டுக்காரர் பால்பாண்டி. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி, ஆரப்பாளையத்துக்கும் தேனிக்கும் நடுவே ஹாரன் அடித்தே காலம் தள்ளிய மனுஷனுக்கு நாய் குரைப்பது மட்டும் ஆகவில்லை. மகள் பவதாரிணி மூன்றாவது தடவையாக அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லி அவர் தினமும் இறங்கி வந்து, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறையில் நின்று கத்துவார். அவர் கத்தக் கத்த நாய்கள் இன்னும் குரைத்தன. நோன்பு மாதம் தொடங்குவதற்கு முதல் நாள் கடைசியாகச் சொன்னார்: "ஏம்மா, ஒன் பெருநா வரைக்கும் டைம். அதுக்குள்ள சத்தம் நிக்கலேன்னா கடையக் காலி பண்ணிரு."

நிலோபருக்கு அந்தக் கடைதான் எல்லாம். கோரிப்பாளையத்து வீட்டில் நாயைத் தொடும் வேலை யாருக்கும் பிடிக்கவில்லை. கடைக்கென்று தனி உடுப்பு வைத்து, கை கால் கழுவி மாற்றிக்கொண்டுதான் தொழுவாள், வீட்டுக்குள் நுழைவாள். அப்படிப் போராடி எடுத்த கடை மூடினால் இன்னொன்று வைக்க விடமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மீன் நீந்துவதைப் பார்த்தால் நாய் அடங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சிம்மக்கல்லில் மீன்தொட்டி விற்கும் பரீத்திடம் போனாள்.

பரீத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டார். "ஒடனே மீன் விடாத தங்கச்சி, செத்துப்போகும். இது பச்சத் தண்ணி. இருவது நா பழகணும். தெனமும் ஒரு சிட்டிகை தீனி போடு, தண்ணி அதத் தின்னுதான் பழகும்" என்றார். நிலோபர் தலையாட்டினாள், ஆனால் போடவில்லை. மீனே இல்லாத தொட்டிக்கு எதற்குத் தீனி என்று டப்பாவைப் பிரிக்காமல் எடுத்து வைத்துவிட்டாள். பகலெல்லாம் தானும் பட்டினி கிடந்தவளுக்குத் தண்ணீருக்குப் பசிக்கும் என்று தோன்றாதது பெரிய குற்றமில்லை. ஆனால் தண்ணீர் நோன்பு பிடிக்கவில்லை. அகப்பட்டதைத் தின்றது.

அடுத்த இரண்டு வாரங்கள் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். நாய்கள் வரிசையாக உட்கார்ந்து, வெறும் தண்ணீரைப் பார்த்தபடி முறைக்குக் காத்திருந்தன. தொட்டியின் அடியில் குமிழிகள் குவிந்தன. லாப்ரடாருடையது எலுமிச்சை அளவு, பக் நாயுடையது கொண்டைக்கடலை அளவு. மூலையில் ருமானி மாங்காய் அளவில் ஒன்று கிடந்தது; அது ராட்வைலருடையதாக இருக்கும் என்று நிலோபர் நினைத்தாள். பால்பாண்டி ஒருநாள் பழக்கதோஷத்தில் இறங்கி வந்து வாயைத் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். பிறகு வரவே இல்லை. நிலோபர் அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தங்கப்பொண்ணு வந்தாள். அலங்காநல்லூர் ரோட்டோரம் ஆடு வளர்த்துத் தனியாகப் பிழைப்பவள். உண்ணிக்கு மருந்துக் குளியல் போட கருப்பு என்ற தன் நாயைப் போன வாரம் கூட்டிவந்திருந்தாள். அவள் சண்டைக்கு வரவில்லை.

"பட்டப்பகல்ல பைக்குல வந்து ரெண்டு குட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாய்ங்க தாயி. கருப்பு ஓடி ஓடி வாயத் தொறக்குறான், சத்தம் வரல. நான் கொல்லையில நின்னேன், எனக்குத் தெரியவே இல்ல. குட்டி போனா போகுது. அன்னையிலருந்து இவன் கஞ்சி குடிக்க மாட்டேங்குறான். இம்புட்டு வெக்கப்பட்டு ஒரு நாய நான் பாத்ததில்ல."

கருப்பு நிலோபரின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றது. தன் கடை நிற்பதற்காக ஒரு ஊர் நாய்களின் வாயைக் கட்டிவிட்டோம் என்று நிலோபருக்கு அப்போதுதான் உறைத்தது.

பரீத்துக்குப் போன் போட்டாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "தின்னது தண்ணிக்குள்ளதான கெடக்கும்? தண்ணி இப்பப் பழகிருச்சு, இனித் தின்னாது. முக்காவாசித் தண்ணிய எடு. முழுசா எடுத்தா மறுபடி பச்சத் தண்ணியாயிரும்" என்றார். அதைச் செய்தால் கடை போய்விடும் என்று தெரிந்தேதான் மறுநாள் எல்லா வாடிக்கையாளர்களையும் வரச் சொன்னாள். நாற்பத்தொரு நாய்கள் வந்தன. மீன்தொட்டித் தண்ணீரைக் குமிழிகளோடு குழாய் வைத்துக் குளியல் தொட்டிக்கு மாற்றினாள். கருப்பு முதலில் மூக்கை விட்டு, தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு நிமிர்ந்து குரைத்தது. தங்கப்பொண்ணு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மற்ற நாய்களும் எடுத்துக்கொண்டன. ஒரு பக் நாய் மட்டும் லாப்ரடாரின் குரைப்பை எடுத்துக்கொண்டது. அதன் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. நாற்பத்தொன்றும் சேர்ந்து குரைத்ததில் தெருமுனை டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸ்கள் ஆடின.

பால்பாண்டி படியில் இறங்கி வந்தார். நிலோபர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அய்யா, பெருநா முடிஞ்சதும் காலி பண்ணிர்றேன்" என்றாள்.

அவர் தொட்டியருகே போய்க் குனிந்து பார்த்தார். கால்வாசித் தண்ணீரில் அந்த மாங்காய் அளவுக் குமிழி மட்டும் கிடந்தது. ராட்வைலர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு எப்போதோ போயிருந்தது.

"இது என்னுதுதாம்மா" என்றார். அவ்வளவு மெல்லிய குரலை அவரிடமிருந்து அந்தத் தெரு கேட்டதில்லை. நிலோபர் பதறி, அதை மொண்டு கொடுக்க மக்கை எடுத்தாள். அவர் அவள் கையைத் தடுத்தார்.

"வேணாம்மா, கெடக்கட்டும். மூணு வருசமா எம்மக எங்கூட ஒழுங்கா பேசல. நான் வாயத் தொறந்தாலே கதவச் சாத்திக்கிருவா. இப்ப என் பேச்சு கேக்கலேன்னு பக்கத்துல வந்து உக்காருறா. நேத்து எனக்குச் சோறு போட்டா." சாவியோடு அவள் உள்ளங்கையை மூடினார். "நாயின்னா குலைக்கும்ல. நீ கடைய நடத்து."

பெருநாள் முடிந்த வாரம் பரீத் எட்டுத் தங்கமீன்களைக் கொண்டுவந்து விட்டார். ஒன்றுகூடச் சாகவில்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது நிலோபர் அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவாள். நாய்கள் குரைத்தபடி இருக்கின்றன. பவதாரிணி அடுத்த தேர்வில் தேறி, மேலூர் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆனால் அப்பாவுக்குப் போன் போடுகிறாள். அவர் பேசுவது பாதி கேட்பதில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கப்பா, இன்னொருக்கா சொல்லுங்க" என்கிறாள்.