டவர் வேண்டாம் என்ற வாக்கு

என் வீட்டுக்காரர் கோகுலகிருஷ்ணனுக்குப் போன் பைத்தியம். வருசா வருசம் ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பெரிய போன் கம்பெனி, ஆப் எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்து, புதிதாக என்னென்ன வரப்போகிறது என்று அறிவிக்கும். அதற்கு முன்பே இன்னின்னது வரும் என்று வீடியோ போடுவது இவர் வேலை. எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது, ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறிப் போய்த்தான் போட வேண்டும். விதைப்பு நாளில்கூடக் கிளம்பிவிடுவார். சாமை விதைக்க நான் ஒருத்தி.

இரண்டு வருசம் அவர் சொன்னது அப்படியே நடந்தது. எங்கள் ஊரில் குறி பலித்தவன் வாக்கை எதிர்த்துக் கூட்டத்தில் யாரும் பேசக்கூடாது. போனுக்கும் குறிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இந்த வருசம் டவர் போட இடம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். சில புளியமரங்களை வெட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கள் மகள் அமுதவல்லிக்கு ஆறு வயது, அடிக்கடி வலிப்பு வரும். 108-க்குச் சொல்ல இவர் மேட்டுப் பாறைக்கு ஓட வேண்டும், அங்கேதான் கொஞ்சம் சிக்னல் விழும்.

கூட்டத்தில் ஊர் நாட்டாமை ரங்கசாமி, "இன்னாப்பா கோகுலு, உன் வாக்கு இன்னா?" என்றார்.

"டவரே வாணாங்க. இந்த ஜூன்ல சொல்லிடுவாங்க. போனு நேரா சேட்டிலைட்டோட பேசும். வூட்டுக்குள்ள இருந்தே கூப்டலாம்."

டவர்காரர்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமே, இன்னாத்துக்கு வாணான்னீங்க?"

"வாக்குன்னு கேட்டா ஒரு பக்கம்தான் சொல்லணும் ஈஸ்வரி."

ஜூனில் ஜமுனாமரத்தூரில் தங்கி அறிவிப்பைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் இறங்கியவர் முகம் செத்துக் கிடந்தது. புது கீபோர்டு, போட்டோவைத் திருத்துகிற வசதி, எல்லாம் அவர் சொன்னபடியே வந்திருக்கிறது. சேட்டிலைட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

"மத்ததுக்கெல்லாம் ஆதாரம் இருந்துது. இது பாப்பாவுக்காக வந்துடணும்னு நெனைச்சேன்" என்றார். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை.

ஆடியில் வந்த வலிப்பு நிற்கவே இல்லை. அவர் பாறைக்கு ஓடினார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வண்டி மலையேறி வருவதற்குள் என் பிள்ளை போய்விட்டாள்.

துக்கத்துக்கு ஊரே வந்தது. ஒருத்தராவது அவரைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அவரும் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"வாக்கு தப்பலப்பா, நாளுதான் தள்ளிப் போயிருக்கு. அடுத்த ஜூன்ல சொல்லுவாங்க" என்றார் ரங்கசாமி.

என் வீட்டுக்காரர் நாட்டாமை காலில் விழுந்தார். "அது வாக்கு இல்லீங்க, என் ஆசைங்க. அடிங்க என்னை. டவர்காரங்களத் திருப்பிக் கூப்டுங்க."

பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஏதோ பேசுகிறான் என்று தூக்கி உட்காரவைத்தார்கள்.

பக்கத்து வீட்டில் சின்னக்குழந்தை என்று ஒருத்தி, அவளுக்கு வயிற்றில் நாலு மாதம். என் காதருகே குனிந்து, "அக்கா, எனக்குத் தையில நாளு. ஜூன் வரைக்கும் போவாம, அந்த சேட்டிலைட்டு தைக்கு முன்னாடியே வரும்னு வாக்கு சொல்லச் சொல்லி மாமாவக் கேக்கிறியா?" என்றாள்.

"டவரு கேளுங்கடி! போயி டவரு கேளுங்க!" என்று கத்தினேன்.

"பாவம்" என்று சொல்லி, கண்ணில் விழுந்த என் முடியை அவள் ஒதுக்கிவிட்டாள்.