ஜெனரலின் கத்தரிக்கோல்

நான் சொல்லப் போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் தோட்டத்துப் பிளம் மரங்கள் அடுத்த வருஷம் காய்க்காமல் போகட்டும். எங்கள் மலைப்பக்கத்தில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஜெனரல் ஒப்ரேன் கிதானோவிச்சின் குதிரையைக் கவனித்துக்கொண்டவன் நான். அவருக்குக் கிடைத்த பதவி உயர்வுகளைப் பற்றிக் குதிரைக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். துருக்கியரோடு நடந்த போரில், பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்ட குதிரை துருக்கியர் பக்கமாகவே ஓடியது. பின்னால் இருந்தவர்கள் தாக்குதல் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கூடவே ஓடினார்கள். அவர் கேப்டன் ஆனார். பல்கேரியரோடு நடந்த போரில், பின்வாங்கச் சொல்லி வந்த உத்தரவு அவருடைய குறட்டையைத் தாண்டி உள்ளே போகவில்லை. எழுந்து பார்த்தால் எதிரி பின்வாங்கியிருந்தான். கர்னல் ஆனார். ஜெனரல் ஆனது எப்படி என்று அவரிடமே கேட்டேன்.

"நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்தேன்" என்றார்.

1914 இலையுதிர் காலத்தில் ஆஸ்திரியர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். சொந்த ஊர்களைத் தாண்டியே நாங்கள் பின்வாங்கினோம். மேட்டில் நின்றால் அவனவன் வீட்டுப் புகைபோக்கி தெரியும். வுகாதின் என்ற சிப்பாய்க்கும் தெரிந்தது. மறுநாள் அவன் வீட்டுப் புனிதரான திமித்ரியின் திருநாள். அப்பா இல்லாத வீடு. அவன்தான் மெழுகுவத்தி ஏற்றி ரொட்டி வெட்ட வேண்டும். துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். திருநாள் முடிந்ததும் சுட்ட பன்றியில் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

ஜெனரல் முதலில் சாப்பிட்டார். பிறகு விசாரித்தார்.

"யார் வீட்டுப் பன்னிடா இது?"

"எங்க வீட்டுதுங்க ஐயா."

"வீடு எங்க?"

"அதோ, மலைக்குக் கீழ."

ஜெனரல் எலும்பைக் கீழே வைத்தார். மலைக்குக் கீழே ஆஸ்திரியர்கள் இருந்தார்கள்.

"அவனுங்க ஒன்னும் பண்ணலையா?"

"வந்தாங்க. திருநாளன்னிக்கு வாசல்ல வந்து நிக்கறவங்கள போன்னு சொல்ல முடியுமா? உக்கார வெச்சேன்."

"மிச்சப் பாதி பன்னி?"

"அவங்க தின்னுட்டாங்க ஐயா."

படையை விட்டு ஓடியது ஒரு குற்றம், எதிரிக்குச் சோறு போட்டது இன்னொன்று. விடிந்ததும் சுட வேண்டும் என்று ராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெனரல் விரலில் இருந்த பன்றிக் கொழுப்பைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைசி ஆசை என்ன என்று வுகாதினைக் கேட்டோம்.

"முடி வெட்டணும். புனிதர் முன்னாடி செம்மறிக்கெடா மாதிரி போய் நிக்கறதா?"

நாவிதனின் வீடும் மேட்டிலிருந்து தெரிகிற வீடுதான், அவனையும் காணோம். வேறு யாரும் முன்வரவில்லை. "சனியன், எங்கிட்ட குடு" என்று ஜெனரலே கேட்டார். குதிரைப் பிடரி வெட்டும் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். ஒரு கொத்து முடி விழுந்தது. வுகாதின் சட்டென்று அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"நல்லா இருங்க, கூமே."

எங்கள் மலையில் பகையாளிகள் சமாதானமாவது இப்படித்தான். தலையை நீட்டியவனின் முடியை வெட்டிவிட்டால், வெட்டியவன் அவனுக்குக் கூம். ஞானத்தந்தையும் சம்பந்தியும் சேர்ந்த உறவு. கூமின் ரத்தத்தைச் சிந்தியவன் வீட்டில் நாய்கூடத் தண்ணீர் குடிக்காது. ஜெனரலும் எங்கள் மலைக்காரர்தான். மறந்து வெட்டினாரா, நினைத்தே வெட்டினாரா என்பது குதிரைக்கும் தெரியாது.

"ஏமாத்திட்டியேடா."

"வெட்டினது நீங்கதானே கூமே?"

"மேல இருக்கறவங்க உனக்குப் பதிலா என்னைச் சுடுவாங்கடா."

"அவங்க கையிலயும் ஒரு கத்தரிக்கோலைக் குடுங்க."

விடிந்தது. சுட வந்தவர்கள் துப்பாக்கி இல்லாமல், தொப்பியைக் கழற்றி, தலையை நனைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மொத்தப் படையும் நின்றது. மதியம் வரை ஜெனரல் வெட்டினார். கடைசியில் கை வீங்கிப்போய், சாகச் சொல்லி அனுப்ப ஓர் ஆள்கூட மிச்சமில்லாமல் நின்றார். எல்லோரும் உறவு.

"சரி, நானே போறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக மலையிறங்கினார்.

"கூம் தனியா போறாருடா, வேடிக்கையா பாக்கறீங்க?" என்று வுகாதின் கத்தினான். எல்லோரும் இறங்கினோம். குதிரைக்கு வெட்டுவதுபோல வெட்டிய ஆயிரக்கணக்கான தலைகள் மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்த ஆஸ்திரியர்கள் ஏதோ தொற்றுநோய் என்று முடிவுசெய்து ஆற்றைத் தாண்டி ஓடினார்கள். பிடிபட்டவர்களும் தொப்பியைக் கழற்றித் தலையை நீட்டினார்கள்.

அதற்காக ஜெனரலுக்குப் பதக்கம் கிடைத்தது. போர் முடிந்ததும் அவருடைய ராணுவ வாழ்க்கையும் முடிந்தது. கல்யாணமென்றால் கூம் இல்லாமல் பாதிரியார் வாயைத் திறக்க மாட்டார். வாரம் ஏழு கல்யாணம் என்றால் மனிதன் எப்போது ராணுவத்தைக் கவனிப்பது? ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அவர் முதலில் நடத்தி வைத்தது வுகாதினின் கல்யாணம். மணப்பெண்ணை வுகாதினோடு சேர்த்துவைத்து, விடிய விடிய ஆடி, பந்தல் காலில் முட்டிக்கொண்டு, பிளம் சாராயத்தால் நெற்றியைக் கழுவிக்கொண்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் வுகாதினின் அம்மா மகன் நினைவாக நட்ட கல் நிற்கிறது. திமித்ரி திருநாளுக்கு வீட்டுக்கு வந்ததற்காக அதே வாரம் நம் படையே அவனைச் சுட்டது என்று அதில் வெட்டியிருக்கிறது.