மூன்று விரல்கள்

பெட்டியை மூட வந்தவர்களைக் கையமர்த்திவிட்டு, அஜின் அம்மாவின் காதருகே குனிந்தான். நேற்றிலிருந்து இது மூன்றாவது முறை.

"அப்பா கடைசில என்னம்மா சொன்னாரு?"

தங்கபாய் கணவரின் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையைச் சரிசெய்தாள். துக்கத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்து அவன் மூடியை வைக்கச் சொன்னான்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று அவளுக்கே தெரியாது. அதைத்தான் மகனிடம் சொல்ல முடியவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை, ஆண்டவர் சிலுவையில் தொங்கிய அந்த நேரம் முழுக்க, தங்கபாய் வாய் திறப்பதில்லை. இருபத்திரண்டு வருட நேர்ச்சை. தம்பானூர் ஹோட்டல் அடுப்படியில் வேலை பார்த்த காலத்தில் அவள் கணவர் ஞானசிகாமணி கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்: "நோம்பு வந்தா வாரத்துல மூணு மணிக்கூர் எனக்கு மோட்சமாக்கும்." ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால் பூனைபோலத்தான் நடப்பார்.

நேற்று அவள் முன்னறையில் சிலுவைக்கு முன் முழந்தாளிட்டிருந்தாள். நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து உள்ளறைக் கட்டிலே கதியென்று கிடந்தவர் கூப்பிட்டார். "தங்கம்." கொஞ்சம் கழித்து மறுபடியும், "தங்கம்." வலியில் கூப்பிடும் குரல் அல்ல, குடை எங்கே என்று கேட்கிற குரல். அவள் திரைச்சீலைக்குள் கையை நீட்டி மூன்று விரல்களைக் காட்டினாள். மூன்று மணிக்கு வருகிறேன். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை. கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்தாள்.

மூன்று மணிக்குச் சிலுவையை முத்தமிட்டுவிட்டு, "இனி சொல்லுங்க, என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அவர் முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கால்கள் சில்லிட்டிருந்தன.

விரல்களைப் பார்த்தாரா? பார்க்காமல், கூப்பிட்டும் இவள் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரா?

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபத்தை நிறுத்தி மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் அந்தக் குரல் கேட்டது. "தங்கம்." ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சபீனா கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு வாய் குடிங்க சேச்சி. உங்க நோம்புக்கு ஆகாதது ஒண்ணும் சேக்கல."

"வேண்டாம் பிள்ள."

"அண்ணன் இருந்தா ஏசுவாரு. நேத்தும் சன்னல் வழியா எனக்கு ஒரு ஏச்சு கெடச்சுது."

தங்கபாய் நிமிர்ந்தாள். "நேத்து எப்ப?"

"ரெண்டு மணி இருக்கும். பைப்புல தண்ணி வந்துது. 'தண்ணி வந்தாச்சுன்னு சொல்லத்தான் தங்கத்த விளிச்சேன், எங்க குடத்தையும் நெறச்சு வச்சிரு'ன்னாரு. சேச்சிய விளிக்கட்டான்னு கேட்டேன். அதுக்குத்தான் ஏச்சு. 'அவ மூணு விரலு காட்டியாச்சு, ஜெபத்துல இருக்கா. குடத்துல தண்ணி விழுற சத்தம்கூடக் கேக்கப்பிடாது'ன்னாரு. ஒரு பழந்துணிய பைப்பு வாயில கெட்டிவிட்டேன். சத்தமே இல்லாம எறங்கிச்சு. பாத்துச் சிரிச்சாரு." சபீனா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதுதான் கடைசின்னு எனக்குத் தெரியாது சேச்சி."

நேற்று அவரைக் குளிப்பாட்ட வாசலில் நான்கு குடம் தண்ணீர் தயாராக இருந்தது. யார் பிடித்து வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

தங்கபாய் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய்.

இருட்டுவதற்குச் சற்று முன்பு வெளியே குழாய் இரண்டு முறை செருமியது. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். குழாயின் வாயில் அந்தப் பழந்துணி இன்னும் கட்டியபடியே இருந்தது. அதன் வழியே தண்ணீர் ஓசையில்லாமல் குடத்துக்குள் இறங்கியது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். தண்ணீர் தடதடவென்று விழுந்தது.

சத்தம் கேட்டு அஜின் வாசலுக்கு வந்தான்.

"தண்ணி வந்தாச்சுன்னு சொன்னாரு மக்கா" என்றாள்.

"யாரும்மா?"

குடம் நிறைந்து வழிந்தது. அவள் துணியைக் கையில் பிடித்தபடி உள்ளறைச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயை மூடவில்லை.