எண்ட்விசில் வெட்டிய நிமிடங்கள்

ஹெட்லி எண்ட்விசில் சிவப்புப் பேனாவால் அடித்த நிமிடங்கள், 1998 செப்டம்பரிலிருந்து அவர் வீட்டுக்கே வந்து தங்கத் தொடங்கின. இங்கிலாந்தின் ஓல்டாமில் எங்கள் தெருவின் பதினான்காம் எண் வீடு அது. தபால்காரர் உள்ளே உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடித்து, முட்டிவலியைப் பற்றிப் பேசிவிட்டு வெளியே வந்தால், போகும்போது கடந்த பேருந்து இன்னும் திருப்பத்தைத் தாண்டியிருக்காது. முதலில் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது.

எண்ட்விசில் பதினாறு வயதில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கோப்பு தைக்கச் சேர்ந்தவர். சட்டம் படித்ததில்லை. வழக்கில் தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் கட்டவேண்டும். அந்தப் பட்டியலை எழுதுவதும் அடித்துக் குறைப்பதும் இங்கே தனித்தொழில். வக்கீலின் நேரத்தை ஆறு ஆறு நிமிடமாக எண்ணுவார்கள். எண்ட்விசிலுக்கு அதுதான் வேலை; ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தே அதற்கு எத்தனை ஆறு நிமிடம் தகும் என்று சொல்லிவிடுவார். 1998இல், ஐம்பத்து நாலு வயதில், வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியறையில் மேசை போட்டுச் சொந்தமாகத் தொடங்கினார். இரக்கமில்லாமல் வெட்டுவார் என்பதால், தோற்ற தரப்புக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

2003 ஜனவரியில் அவர் மனைவி பிரெண்டாவுக்கு நுரையீரலில் கட்டி என்றும் மூன்று மாதம் என்றும் டாக்டர் சொன்னார். எண்ட்விசில் வீட்டுக்கு வந்து, கிடைத்த கோப்புகளையெல்லாம் வாங்கிக் குவித்தார். நியாயமான நிமிடங்களையும் அடித்தார். வெளியே ஒரு நாள் உள்ளே ஒன்றரை மாதமாக நீண்டது. பால்காரர் தினமும் வாசலில் நாற்பது புட்டி வைத்தார். பிரெண்டா கம்பளி பின்னினாள், அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார், கல்யாணமான புதிதில் பேசாததையெல்லாம் பேசினார்கள். ஆனால் கட்டியின் வலியும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தது. ஒரு மாலையில் தொடங்கிய இருமல் மறுவாரம்தான் நின்றது.

“ஹெட்லி, அடுப்படியில யாரோ அழுறாங்க.”

“ரேடியோவா இருக்கும்.”

“ரேடியோ எனக்குத் தெரியாதா? டெரெக், டெரெக்னு ஒரு பொம்பள கதறுறா. இன்னிக்கு எத வெட்டுன?”

மகனை விபத்தில் இழந்த ஒரு தாயோடு அவளுடைய வக்கீல் தொலைபேசியில் பேசிய பன்னிரண்டு நிமிடம். ‘ஆறுதல் பேச்சு, செலவில் சேராது’ என்று ஓரத்தில் எழுதி அடித்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அது அவளோட நேரம்யா. எனக்கு எதுக்கு?”

“உனக்காகத்தான், பிரெண்டா...”

“எனக்காகன்னு சொல்லாத. டாக்டர் மூணு மாசம்னார். நீ பதினோரு வருஷமா இரும வெச்சிருக்க, கிழட்டுப் பயலே. அதுல பாதி உன் சமையலால.” சிரிக்கப் போய் மூச்சுத் திணறினாள். “போதும், கண்ணு. விட்டுடு.”

அவர் மாடிக்குப் போனார். அடுத்த கோப்பில் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நம்பமுடியாமல், உடம்பு சரியில்லையா என்று தொலைபேசியில் கேட்டார். மிச்சமிருந்த நிமிடங்கள் சில நாளில் தீர்ந்தன. பால் ஒரு புட்டியானது. டாக்டர் சொன்ன கணக்குப்படியே, ஏப்ரல் நடுவில் ஒரு வியாழக்கிழமை, எல்லார் வீட்டிலும் போல இருபத்து நான்கு மணிநேரமே இருந்த ஒரு நாளில், பிரெண்டா இறந்தாள். சவப்பெட்டியின் பின்னால் நடந்துவந்த எண்ட்விசிலின் முடி முழுக்க நரைத்து, முதுகு வளைந்திருந்தது. முந்தைய கிறிஸ்துமஸில் அவரைப் பார்த்தவர்கள் அவருடைய அண்ணன் என்று நினைத்தார்கள்.

இறப்பைப் பதியப் போனபோது பிரெண்டாவின் வயது அறுபத்தொன்பது என்றார். எழுத்தர் பெண் பிறந்த தேதியைப் பார்த்து ஐம்பத்தெட்டு என்று எழுதினாள்.

“வீட்டுக்குள்ள இருந்த வருஷத்த இதுல சேக்க முடியாதுங்க. கல்லுல வேணும்னா போட்டுக்குங்க.”

அவர் அப்படியே போட்டார். கல்லறைக் கல்லில் பிறப்பு, இறப்பு என இரண்டு தேதிகளும் அவற்றின் கீழே வயது அறுபத்தொன்பதும் இருக்கின்றன. கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. திருத்தச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.